அவையல் கிளவியும் அவை வகுக்கும் விதியும்

நால்வர் கூடுமிடம் எதுவாயினும் அங்கே ஒரு விதி தோன்றிவிடுகிறது. தகாத சொற்களை வழங்கலாகாது என்பதே அவ்விதி. மன்றங்களும் சங்கங்களும் அதனை எழுதி வைத்தன. பள்ளிகள் சுவரில் மாட்டி வைத்தன. இன்று கைப்பேசியிலும் கணினியிலும் கூடும் எண்ணற்ற குழுக்களும் அதனையே தம் முதல் விதியாகக் கொண்டிருக்கின்றன. விதி நல்லதே, அதனை மறுப்பார் எவருமிலர். ஆயினும், தகாத சொல் எது, அதனைத் தகாததாக்குவது எது என்று கேட்டால் விதி வகுத்தோர் பலர் திகைப்பர். பெரும்பாலோர் தரும் விடை ஒரு பட்டியலே. இன்னின்ன சொற்கள் கூடா. அவற்றை வழங்கினோர் நீக்கப்படுவர். ஏனைய சொற்களுக்குத் தடையில்லை. இவ்வளவோடு தம் பொறுப்பு முடிந்துவிட்டதாக அவர்கள் எண்ணுகின்றனர்.

தமிழ் இலக்கணம் இவ்வினாவை மிகப் பழைய நாளிலேயே எடுத்து ஆராய்ந்திருக்கிறது. அது கண்ட முடிவு பட்டியல் அன்று. அம்முடிவு யாது, இன்றைய வாழ்வுக்கு அது எவ்வளவு துணைசெய்யும், எவ்விடத்தில் அது போதாது என்பவை தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

பட்டியலின் குறை

இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் ஸ்கந்தோர்ப் என்றோர் ஊர் உண்டு. எஃகுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது அவ்வூர். 1996ஆம் ஆண்டில் அவ்வூர் மக்கள் அமெரிக்கா ஆன்லைன் என்னும் நிறுவனத்தின் கணினிச் சேவையில் தம் ஊர்ப்பெயரைக் கொடுத்துப் பதிந்துகொள்ள முயன்றபோது, கணினி அவர்களை ஏற்க மறுத்துவிட்டது. ஊர்ப்பெயரின் உள்ளே அடுத்தடுத்து நிற்கும் நான்கு எழுத்துகள் ஆங்கிலத்தில் ஓர் இழிசொல்லாக அமைந்தமையே காரணம். பட்டியலில் இருந்த எழுத்துகளைக் கணினி கண்டது, தடுத்தது. இத்தகைய பிழை எங்கு நேர்ந்தாலும் அதனை ஸ்கந்தோர்ப்புச் சிக்கல் என்றே இன்று வழங்குகின்றனர்.

இதனைக் கேட்டு நகைத்துவிட்டுப் போதல் எளிது. ஆயின் கணினி செய்த பிழையை மனிதரும் செய்கின்றனர் அன்றோ? சொல்லை மட்டும் நோக்கி, சொன்னவன் யார், யாரிடம் சொன்னான், எதற்காகச் சொன்னான் என்பவற்றை நோக்காது விடுவோர் அனைவரும் செய்வது இதே பிழைதான். பட்டியலுக்கு மற்றொரு குறையும் உண்டு. ஏச விரும்புகிறவன் ஓரெழுத்தை மாற்றி எழுதுகிறான். இடையிலே ஒரு புள்ளி வைக்கிறான். பட்டியலைக் கடந்து போய்விடுகிறான். குற்றமற்றவன் தடுக்கப்படுகிறான், குற்றவாளி தப்புகிறான். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதாயின், விதியின் அடிப்படையிலேயே ஏதோ குறை இருத்தல் வேண்டும்.

தொல்காப்பியர் கண்ட நெறி

தொல்காப்பியர் இப்பொருளைச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலாகிய எச்சவியலில் வைத்துக் கூறுகிறார். அவர் இட்ட பெயரே ஆழ்ந்து நோக்கத்தக்கது. தீச்சொல் என்றோ இழிசொல் என்றோ அவர் பெயரிடவில்லை. அவையல் கிளவி என்றார். அவைக்கு உரியது அல்லாத சொல் என்பது அதன் பொருள். குறை சொல்லின் உடம்பில் இல்லை. சொல்லுக்கும் அவைக்கும் இடையே உள்ள பொருந்தாமையில் இருக்கிறது. ஓர் அவைக்கு ஆகாதது மற்றோர் அவைக்கு ஆகலாம் என்பது அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

அவர் வகுத்த விதியையும் நோக்குக. அவையல் கிளவியை மறைத்துச் சொல்லுக என்றாரேயன்றி, அப்பொருளையே சொல்லற்க என்றாரல்லர். சொல்ல வேண்டிய செய்தி சொல்லப்படவே வேண்டும். அதன் வடிவம் மாத்திரம் அவைக்கு ஏற்ப மாறவேண்டும். மலசலம் கழித்து வந்தவன் கால் கழுவி வந்ததாகக் கூறுகிறான். செய்தியும் போய்ச் சேர்கிறது, அவையும் கூசவில்லை.

இவ்விதியைப் பிறருக்குச் சொல்லிவிட்டுத் தாம் விலகி நின்றாரல்லர் தொல்காப்பியர். எழுத்ததிகாரத்தில் ஆ என்னும் சொல்லோடு அதன் கழிவைக் குறிக்கும் சொல் புணர்ந்து ஆப்பி என்றாவதற்கு விதி கூற வேண்டிய இடம் ஒன்று வருகிறது. ஆங்கு அவர் அக்கழிவின் பெயரைச் சொல்லவே இல்லை. ஈகாரத்தை ஏறிய பகரம் என்று எழுத்தின் இலக்கணத்தால் சுட்டிவிட்டு மேலே செல்கிறார். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் மாணாக்கர் அவையில் எவ்வாறு பேச வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. விதியும் பிறழவில்லை, நாவும் பிறழவில்லை.

இதற்கு அடுத்து வரும் நூற்பாவே இன்றைய விதியாளர் பெரிதும் கருதவேண்டியது. மறைக்க வேண்டுமென்று சொன்ன ஆசிரியரே, வழக்கில் மருவிப் பழகிவிட்ட சொற்களை மறைக்க வேண்டுவதில்லை என்றும் வரையறை செய்கிறார். ஆப்பி, யானை இலண்டம், ஆட்டுப் பிழுக்கை என்றாற்போன்றவற்றை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். உழவரும் ஆயரும் நாள்தோறும் கூச்சமின்றி வழங்கும் சொற்கள் இவை. வீடு மெழுகுகிற பொருளின் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பவன் நாகரிகம் உடையவன் ஆகமாட்டான். அச்சொல்லை வழங்கும் உழைப்பாளரினும் தன்னை உயர்த்திக்கொள்ள எண்ணுபவன் ஆவான். பண்பாட்டின் பெயரால் உழைப்பவர் மொழியை இழித்துரைக்கும் போக்குக்குத் தொல்காப்பியர் முன்கூட்டியே கதவடைத்துவிட்டார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தியார் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயரிட்டு, மங்கலம், குழூஉக்குறி என்பவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்கு என்னும் தலைப்பின்கீழ் வைத்தார். இவ்வைப்பு முறையும் பொருளுடையதே. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். கேட்போரின் துயரைக் கருதியது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. தொழிற்கூட்டத்தாரின் தேவையைக் கருதியது. இடக்கரடக்கல் அவையினரின் கூச்சத்தைக் கருதியது. மூன்றும் கேட்போரை நோக்கி எழுந்தவை. ஆதலின் தகுதி என்று அவர் சொன்னது சொல்லின் பிறப்பையன்று, இடத்தோடும் கேட்போரோடும் சொல்லுக்குள்ள பொருத்தத்தையே என்க.

வசைக்கும் இடம் தந்த மரபு

தமிழ் மரபு கடுஞ்சொல்லை முற்றாக விலக்கியது என்று சிலர் மேடையில் முழங்குவதுண்டு. உண்மை அஃதன்று. வசை பொருளாக வரும் செய்யுளை அங்கதம் என்று பெயரிட்டுச் செய்யுளியலில் வைத்து, வெளிப்படக் கூறுவது செம்பொருள், மறைத்துக் கூறுவது கரந்தது என இருவகைப்படுத்தினார் தொல்காப்பியர். வசை பாடுவதில் வல்லவர் என்றே பெயர் பெற்றவர் காளமேகப் புலவர். தவறு செய்யும் வலியோரைத் தட்டிக் கேட்க எளியோருக்குப் பெரும்பாலும் நாவொன்றே படை. அப்படையையும் பறித்துக்கொள்ள நம் முன்னோர் எண்ணவில்லை.

நம் காலத்தில் கரிசல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் நாட்டுப்புற மக்கள் தமக்குள் சொல்லி மகிழும் பாலியற் கதைகளைத் தொகுத்தார். நூலுக்கு ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்று பெயர். அப்பெயரை விளம்பரத் தந்திரமென்று எண்ணுவாரும் உளர். தொல்காப்பியர் கண்கொண்டு நோக்கினால் வேறொன்று புலனாகும். நூலின் முகப்பிலேயே அவை இன்னதென்று வரையறுக்கப்பட்டுவிட்டது. கதைகளைச் சிதைக்கவுமில்லை, சிறுவர் கையில் கொடுக்கவுமில்லை. மக்கள் வாய்மொழியையும் காத்து அவையின் தகுதியையும் காத்த முறை அது.

தோட்ட வாழ்வை எழுதப் புகும் எழுத்தாளருக்கும் இதில் பாடம் உண்டு. கங்காணியின் ஏச்சும் துரையின் திட்டும் இல்லாத பழைய தோட்டக்கதை உண்மைக்கதை ஆகாது. அவ்வேச்சை முழுவதும் நீக்கினால், அதனைத் தாங்கிய மக்களின் துயரமும் உடன் நீங்கிப்போகும். சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதித்தான் ஆகவேண்டுமென்பதுமில்லை. ஏச்சைக் கேட்டவன் தலை எப்படிக் குனிந்தது, பக்கத்தில் நின்ற பிள்ளை எங்கே பார்த்தது என்பதை எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு சொல் போதும். சிலபோது அதுவும் வேண்டா. எதனை மறைப்பது, எதனை வெளிப்படுத்துவது என்பதை எழுத்தாளன் தன் வாசகர் அவையை அறிந்து முடிவு செய்தல் வேண்டும்.

தூய சொல்லும் புண்படுத்தும்

இதுவரை கூறியது ஒரு பக்கமே. பட்டியலில் இடம்பெறாத தூய சொற்கள் செய்யும் கொடுமை மறுபக்கம்.

மலாய் மொழியில் பஹாசா என்னும் சொல்லுக்கு மொழி என்பதோடு நன்னடத்தை என்ற பொருளும் உண்டு. நற்பண்பைப் பூடி பஹாசா என்பர். அம்மொழியில் ஒருவரைக் கடுமையாகப் பழிக்கும் சொற்களுள் ஒன்று குராங் ஆஜார். குராங் என்றால் குறைவு; ஆஜார் என்றால் கற்பித்தல். பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் மாசில்லை. இரண்டும் பள்ளிக்கூடத்துச் சொற்களே. சேர்த்து ஒருவரை நோக்கிச் சொன்னாலோ, அவரை மட்டுமன்றி அவரை வளர்த்த பெற்றோரையும் பழித்ததாக முடிகிறது.

கெலிங் என்னும் சொல்லின் வரலாறு இன்னும் தெளிவானது. கலிங்கம் என்ற நாட்டுப் பெயரின் வழியாக அது வந்ததென்பது அறிஞர் பலர் கருத்து. மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கிலிங் பள்ளிவாசலும், பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன. அவ்விடங்களில் அது வரலாற்றுப் பெயர், எவரும் புண்படுவதில்லை. அதே சொல்லைத் தெருவிலோ வகுப்பறையிலோ ஓர் இந்தியப் பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னால் அது வசை. எழுத்து ஒன்றே, ஒலியும் ஏறத்தாழ ஒன்றே. பட்டியலில் இதனைச் சேர்த்தால் பள்ளிவாசலின் பெயரை எழுத இயலாது. சேர்க்காவிட்டால் பிள்ளைக்குக் காப்பில்லை. பட்டியல் முறை முற்றிலும் கைவிரித்து நிற்கும் இடம் இது.

நம் சொந்தச் சொல்லாகிய கூலியும் அவ்வாறே. உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம் என்பதே அதன் பொருள், இழிவு ஒன்றுமில்லை. குடியேற்ற நாட்டு ஆட்சியில் உழைப்பைக் குறித்த சொல் உழைப்பவனுக்கே பெயராயிற்று. மனிதனை அவன் பெறும் காசால் அழைக்கத் தொடங்கியபோது சொல் கறைபட்டது. கறை சொல்லில் பிறந்ததன்று. அழைத்தவர் மனத்தில் பிறந்தது.

ஒரு நாவலும் ஒரு சொல்லும்

இவ்வாராய்ச்சி வெறும் இலக்கணப் பொழுதுபோக்கன்று என்பதற்கு மலேசியத் தமிழர் மறவாத ஒரு நிகழ்ச்சி சான்றாகும். எழுத்தாளர் அப்துல்லா ஹுசேன் எழுதி 1971இல் வெளிவந்த ‘இன்டர்லோக்’ என்னும் மலாய் நாவல், 2011ஆம் ஆண்டில் இடைநிலைப்பள்ளி ஐந்தாம் படிவத்துக்குரிய இலக்கியப் பாடநூலாக வந்தது. மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றின் வரலாற்றை இணைத்துச் சொல்லும் நாவல் அது. இந்தியக் குடும்பத்தின் கதையில் வரும் பரியா என்னும் சொல் பெரும் எதிர்ப்பை எழுப்பியது. திருத்தம் செய்வதா, நீக்குவதா என்று மாதக்கணக்கில் வாதம் நடந்தது. முடிவில் அவ்வாண்டின் இறுதியில் நூல் பாடத்திட்டத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

அன்று நடந்த வாதத்தில் ஒரு சாரார், சொல்லை நீக்கினால் போதும் என்றனர். மற்றொரு சாரார், இலக்கியத்தில் ஒரு சொல்லுக்காக இவ்வளவு கிளர்ச்சியா என்றனர். இரு சாராரும் சொல்லையே கண்டனர் என்று கூறுவது மிகையன்று. பறை என்னும் இசைக்கருவியோடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு குடிப்பெயரை ஆங்கிலேயர் எடுத்து, ஒதுக்கப்பட்டவன் என்ற பொதுப்பொருளில் உலகெங்கும் வழங்கினர். அப்பெயரைத் தாங்கிய மக்களிடம் எக்குற்றமும் இல்லை. அதனை வசையாக்கியவரிடமே குற்றம். ஆதலின் அச்சொல்லை எங்கே கண்டாலும் அழித்துவிடுவது நேர்மையாகாது. அக்குடியினரையே அழுக்கென்று ஒப்புக்கொண்டதாக அது முடியும். எதிர்ப்பாளருள் சிலர், நாங்கள் அச்சாதியினர் அல்லர் என்று வாதித்தபோது இத்தவற்றைத்தான் செய்தனர்.

அப்படியானால் நாவலில் பிழையே இல்லையா? உண்டு. சாதிச் செருக்குடைய ஒரு பாத்திரம் அச்சொல்லை உமிழ்ந்து, அதனைக் கேட்டவன் மனம் வெந்ததாகக் கதை காட்டியிருந்தால், சொல் அங்கே சாட்சியாக நின்றிருக்கும். நாவலிலோ கடல் கடந்து வந்தவர்களை அவ்வொரு சாதிக்குள் அடக்கிப் பேசும் செய்தி கதை சொல்பவரின் கூற்றாகவே வருகிறது. பாத்திரத்தின் வாயில் வரும் சொல் அப்பாத்திரத்தின் குணத்தைக் காட்டும். கதை சொல்பவரின் வாயில் வரும் சொல் உண்மையென்று கொள்ளப்படும். மலாயாவுக்கு வந்த தமிழர் பல குடிகளைச் சேர்ந்தோர் என்பது வரலாறு. சொல்லை நீக்கிவிட்டு வேறொரு மெல்லிய சொல்லைப் பெய்தாலும் அப்பொதுமைக் கூற்றின் பிழை நீங்காது.

அவை எது என்பதையும் கருதவேண்டும். தனியே அமர்ந்து நாவல் படிக்கும் முதியோர் அவை வேறு. மூவினத்துப் பிள்ளைகளும் அருகருகே அமர்ந்திருக்கும் பதினேழு வயதினர் வகுப்பறை வேறு. பாடவேளையில் நூலிலிருந்து படிக்கப்படும் சொல், இடைவேளையில் ஒரு பிள்ளையின் பெயராக மாறிவிடக்கூடும். நாற்பது ஆண்டுகள் பெரும் பூசலின்றி இருந்த நூல், பாடநூலான அவ்வாண்டிலேயே புண்படுத்தும் நூலாயிற்று. நூல் மாறவில்லை; அவை மாறிற்று. அவையல் கிளவி என்னும் பெயரின் பொருளுக்கு இதனினும் விளக்கம் தேவையில்லை.

பட்டியலுக்கும் ஒரு நியாயம்

பட்டியலை ஆதரிப்போர் கூறும் ஒரு வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அவையையும் கருத்தையும் நோக்கித் தீர்ப்புக் கூறுவதாயின், தீர்ப்புக் கூறுபவர் யார்? தலைவருக்கு வேண்டியவன் ஏசினால் அது நகைச்சுவை. வேண்டாதவன் ஏசினால் அது குற்றம் என்றாகாதா? பட்டியல் எல்லாருக்கும் ஒன்றாக நிற்கும். வலியவனையும் எளியவனையும் ஒரே கோலால் அளக்கும். இவ்வாதத்தில் உண்மை உண்டு. பழைய இலக்கணம் போதாமற்போகும் இடமும் இதுவே. அவை என்று தொல்காப்பியர் சொன்னபோது அவையினர் யார் என்பதில் அன்று ஐயமில்லை. ஒருவரையொருவர் அறியாத பல்லாயிரவர் முகங்காணாது கூடும் அவையை இலக்கணம் கண்டதில்லை.

ஆதலின் பட்டியல் வேண்டாமென்பது கருத்தன்று. சிறுவர் கூடுமிடத்தில் அது வேலியாக நிற்கட்டும். வேலி கட்டியவுடன் பயிர் விளைந்துவிட்டதாக எண்ணுவதுதான் பிழை. விதி வகுப்போர் பட்டியலோடு நில்லாது, யாரையும் பிறப்பாலும் தொழிலாலும் உடலாலும் இழித்துரைத்தல் கூடாதென்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். ஒருவரை நீக்கும்போது காரணத்தை அவையறியச் சொல்ல வேண்டும். காரணம் சொல்லக் கடமைப்பட்ட தலைவர் ஓரவஞ்சனை செய்தல் அரிது.

ஆசிரியர் கடமை

வள்ளுவர் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, வாய்மை, சொல்வன்மை, அவையறிதல் எனச் சொல்லைப் பற்றிப் பல அதிகாரங்கள் வகுத்தார். இழிசொற்கள் இவையென்று எடுத்தோதும் அதிகாரம் ஒன்று அவற்றுள் இல்லை. புறங்கூறுவோனும் பொய்யுரைப்போனும் மிகத் தூய தமிழில் பேசக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் காக்கச் சொன்னது நாவை; நாவைக் காப்பது மனத்தைக் காப்பதன்றி வேறில்லை.

இதனைப் பள்ளியில் வைத்துப் பார்க்கலாம். ஓடி விளையாடும் ஒரு சிறுவன் காலில் கல் இடித்ததும் வீட்டில் கேட்ட கெட்ட சொல் ஒன்றைக் கத்திவிடுகிறான். உடனே அவன் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்படுகிறான். அதே நேரத்தில் மற்றொரு சிறுவன், பால்மரம் சீவுகிறவர் மகனுக்கு இவ்வளவு ஆசையா என்று பக்கத்திலிருப்பவனிடம் அமைதியாகக் கேட்கிறான். அவன் வழங்கிய சொற்கள் யாவும் பாடநூலில் உள்ளவை. அவனை எவரும் அழைத்து ஒன்றும் கேட்பதில்லை. முதற்சிறுவனின் சொல் காற்றோடு போயிற்று. இரண்டாமவன் சொல்லைக் கேட்ட பிள்ளை அன்று வீட்டுக்குப் போய்த் தந்தையின் கையைப் பார்க்கும்போது என்ன எண்ணுவான்? எக்குற்றம் பெரிது என்பதைத் தமிழாசிரியர் அறியாதவரல்லர், விதிப்புத்தகந்தான் அறியவில்லை.

இன்று இடக்கரடக்கல் வகுப்பில் ஒரு வரி இலக்கணமாகவும் ஓர் எடுத்துக்காட்டாகவும் முடிந்துவிடுகிறது. கால் கழுவி வந்தான் என்று எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. ஆசிரியர் மனம் வைத்தால் அதனை வாழ்க்கைப் பாடமாக்கலாம். எச்சவியலின் அவ்விரு நூற்பாக்களையும் சேர்த்தே விளக்கலாம். ஒரே செய்தியை மருத்துவரிடம் எவ்வாறு சொல்வது, பாட்டியிடம் எவ்வாறு சொல்வது, பள்ளிக்கூட்டத்தில் எவ்வாறு சொல்வது என்று மாணவரை எழுதச் செய்யலாம். பிறகு, கெட்ட சொல் ஒன்றும் இல்லாத ஒரு வாக்கியம் எவ்வாறு ஒருவரைப் புண்படுத்துகிறது என்று அவர்களையே எண்ணச் செய்யலாம். இதற்குப் புதுப் பாடநூல் வேண்டா. கூடுதலாக அரைமணி நேரம் போதும்.

அவ்வாறு பழகிய பிள்ளை நாளை எந்தக் குழுவிற் சேர்ந்தாலும், அங்குள்ள பட்டியலைப் படிக்குமுன் அங்கிருப்போர் முகத்தை எண்ணிப் பார்ப்பான். முகம் காணாத அவையிலும் கேட்பவன் மனிதன் என்பது அவனுக்கு நினைவிலிருக்கும்.